கைலிக்கு மார்க் இல்லை

என்னிடம் ஒரு கைலி இருக்கிறது. பச்சையில் கறுப்புக் கட்டம் போட்டது. துவைத்துத் துவைத்துப் பச்சை சாம்பலாகிவிட்டது. அதன் மேல் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு நூல் பிரிந்து தொங்கும். அறையில் என்னோடு தங்குகிறவர்கள் அதைப் பார்த்து, "எலி கடிச்சிருக்குண்ணே, தூக்கிப் போடுங்க" என்பார்கள். எலி கடித்ததல்ல. ஒரு பரோட்டா மாஸ்டர் கடித்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஏறக்குறைய மூன்று மாதம், ஒரே இடத்தில் பல்லை வைத்துக் கடித்தார். அப்போது அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் நான். அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான். தெரிந்து என்ன பயன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். அம்மா செத்துப்போன வருடமே பள்ளிக்கூடமும் போயிற்று. அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன், ஆவடியில் ஒரு குடோன் வாட்ச்மேன் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்கே கால் நிற்காது. அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆள் தூக்கிவிட ஆள் தேவை என்றார்கள், போனேன். அந்தக் கட்டடம் முன்பு சோபா, கட்டில் விற்ற ஷோரூம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சோபா வைத்திருந்த இடத்தில் இப்போது பக்கவாதம் வந்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். வெளியே மெட்ரோவுக்குத் தூண் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிராபிக்கில் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்து ஜனங்கள் உள்ளே வேடிக்கை பார்ப்பார்கள். திரை போடலாமே என்று ஒருநாள் கேட்டேன். "நாம என்ன பண்றோம்னு நாலு பேருக்குத் தெரியணும்பா" என்றார் மேனேஜர். சோபாவையும் அதற்குத்தான் அங்கே வைத்திருந்தார்கள்.

அங்கே கொடுத்த வைத்தியத்துக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பலகையில் எழுதியிருந்தது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. தானாகச் சாப்பிட, குளிக்க, உடுத்த, வேலை செய்ய ஆளை மறுபடியும் பழக்குவது. நல்ல விஷயம்தான். அதைச் சொல்லிக்கொடுத்த மேடம் இளம் பெண். பெரிய படிப்பு, நல்ல மனசு. பட்டாபிராம் பக்கம் ஒரு அடுக்குமாடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முதல் வாரமே என்னை உட்கார வைத்து, 'ஈடுபாடு' என்ற சொல்லை விளக்கினார். "ஒருத்தர் பயிற்சிக்கு வந்து உக்காந்தா மட்டும் பத்தாது. கை செஞ்சா மட்டும் பத்தாது. மனசும் சேர்ந்து செய்யணும். தனக்கு அது முக்கியம்னு அவருக்கே தோணணும். அப்பதான் மூளை திருப்பிக் கத்துக்கும். இதுதான் நம்ம வேலைக்கே உயிர்." எனக்கு அது புரிந்தது. பிரஸ் மிஷினில் மனசு வேறெங்கோ இருந்தவர்களின் விரல் என்ன ஆயிற்று என்று பார்த்தவன் நான். ஆனால் அந்த உயிரை அளப்பதற்கு அவர்கள் வைத்திருந்த படிவத்தைப் பார்த்த பிறகு எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. வருகை, நேரம், செய்த பயிற்சி, கடைசிக் கட்டத்தில் ஈடுபாடு, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. மேடம் ஒருவரே முப்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் மார்க் போடும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. முழு நேரமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நாலு. சிரித்து, சொன்னதைச் செய்து, மற்றவர்களுக்குக் கை தட்டினால் ஐந்து. நடுவில் எழுந்து போனால் அந்த நேரத்தைக் கழி. கழிப்பறை என்றாலும் கழி. எட்டாவதோடு நின்றவன், முப்பது பேரின் மனசு எங்கே இருக்கிறது என்று தினமும் மார்க் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேலையில் முக்கால்வாசி, ஓட்டை போட்ட பலகையில் குச்சி சொருகுவதுதான். இருபத்தைந்து ஓட்டை, இருபத்தைந்து கலர் குச்சி. ரயில்வேயில் கணக்கு பார்த்தவர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சொருகுவார்கள். ஒவ்வொரு குச்சிக்கும் "சூப்பர் ஐயா! சூப்பர் அம்மா! இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று ஒரு குரல். எல்லாம் சொருகி முடித்ததும் நான் பலகையைக் கவிழ்த்துக் குச்சிகளைக் கொட்டிவிட்டு மறுபடி வைப்பேன். தலைமையாசிரியை ஒருமுறை அந்தப் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு நான் நாலு போட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லையே.

இந்த இடத்துக்குத்தான் மாஸ்டர் வந்து சேர்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட் கேட்டிலிருந்து கரையான்சாவடி வரை பல கடைகளில் முப்பது வருடம் பரோட்டா போட்டவர். வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் தடி ஊன்றி நடக்கிற அளவுக்குத் திரும்பியிருந்தது, கை திரும்பவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, திட்டும்போது மட்டும் அந்தக் கோணல் தெரியாது. அவரை நல்ல மனிதர் என்று எழுதப் போவதில்லை. கடையில் தோசைக்கரண்டியால் ஆட்களை அடித்ததைப் பெருமையாகச் சொல்வார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "டிக்கு" என்பார், படிவத்தில் டிக் போடுகிறவன் என்பதால். முதல் நாள் அவர் முன்னால் குச்சிப் பலகையை வைத்தேன். இடது கையால் ஒரு குச்சியை எடுத்தார், முகர்ந்து பார்த்தார், கீழே போட்டார்.

"இன்னா நைனா இது? பல்லு குத்தறதா?"

"பயிற்சிங்க மாஸ்டர். கைக்கு."

"சொருகிட்டு?"

"எடுத்துட்டு மறுபடி சொருகணும்."

"அதுக்கு நீயே சொருகிகினு கெட. எனுக்கு வேல கீது."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. மார்க் ஒன்று என்று எழுதினேன்.

அவருக்கு இருந்த வேலை என்னவென்று மெதுவாகத்தான் தெரிந்தது. மனைவி இல்லை. மகன் வடநாட்டு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் ஓரிரு நாள்தான் வீட்டில் இருப்பான். மருமகள் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதற்குள் சமைத்து, மாமனாரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு ஓடுவாள். முதலில் கைலிதான் கட்டிவிட்டாள். ஒருநாள் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் அது நழுவி விழுந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இடது கையில் தடி, வலது கை செத்த கை, குனிந்து எடுக்கவும் முடியாமல் அப்படியே நின்றிருக்கிறார். அன்றிலிருந்து இடுப்பில் எலாஸ்டிக் வைத்த நீல டவுசர். டவுசரை அவரால் ஒரு கையால் இறக்க முடியும், ஏற்ற முடியாது, வலது பக்கம் மாட்டிக்கொள்ளும். அதனால் வீட்டில், மருமகள் வேன் ஏறியதிலிருந்து திரும்பி வரும்வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. மையத்துக்கு வரும் மூன்று நாளும், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதல் காரியமாக என்னிடம் தண்ணீர் கேட்பார், இரண்டு சொம்பு. எதற்கு இத்தனை தாகம் என்று கேட்டேன்.

"கைலின்னா தூக்கிகினு குந்திகலாம். இந்தக் கருமம்னா எவனாச்சும் வந்து ஏத்தி உடணும். மருமவ கையால நான் டவுசர் மாட்டிக்கிறேன்டா டிக்கு. அவ மூஞ்ச திருப்பிகினு மாட்டி உடறா. அவ மேல தப்பு இல்ல. எனுக்குத்தான் செத்துடலாம்னு கீது."

இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. கடையில் பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த முறை வரும்போது சட்டைக்குள் அந்தப் பச்சைக் கைலியைச் சுருட்டி வைத்திருந்தார். கழிப்பறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கூட்டிப் போவது என் வேலை. உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, டவுசருக்கு மேலேயே கைலியைக் கட்டத் தொடங்கினார். வலது இடுப்பைச் சுவரில் அழுத்திச் சாய்ந்துகொள்வார், தடி தேவைப்படாது. கைலியைத் தலைவழியாகப் போட்டு இறக்குவார். மேல் ஓரத்தின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொள்வார். இடது கையால் மறு முனையை இழுத்து வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுவருவார். கொண்டுவந்ததை ஏதாவது பிடித்துக்கொண்டால்தான் சொருக முடியும். பிடிக்க இன்னொரு கை இல்லை. துணி நழுவும். திட்டுவார். மறுபடி தொடங்குவார். வேர்வை கொட்டும். பாத்ரூம் சுவரில் அவர் சட்டை உரசி உரசி ஒரு அழுக்குக் கறையே உண்டாகிவிட்டது. நான் உதவ கையை நீட்டினால், கைலியைக் கடித்துக்கொண்டே உறுமுவார்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. துணி நழுவப் போகிற நேரம். தோளிலிருந்து கயிறு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது கை, மெதுவாக, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி மேலே வந்தது. விரல் ஒன்றும் அசையவில்லை. மணிக்கட்டு மட்டும் வயிற்றில் வந்து துணியை அழுத்திப் பிடித்தது. இரண்டு மூச்சு நேரம். அதற்குள் அவர் இடது கையால் சுற்றிச் சொருகிவிட்டார். முடிச்சு நின்றது. இரண்டடி நடந்தார், அப்புறம் அவிழ்ந்துவிட்டது. அவர் கைலியைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "இன்னாடா நீ, உசுரோடதான் கீறியா?" என்று அதைக் கேட்டார். குச்சிப் பலகைக்கு முன்னால் அந்தக் கையை மேசைமேல் வைக்க மேடம் இரண்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்றைய படிவத்தில் நான் எழுதியது இது: கழிப்பறையில் இருபத்தைந்து நிமிடம், பயிற்சி செய்யவில்லை, ஈடுபாடு ஒன்று.

மேடத்திடம் சொல்லாமல் இல்லை. சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே படிவங்களைப் புரட்டினார். உடுத்துதல் என்ற தலைப்பில் விரலை வைத்துத் தேடினார். பேன்ட் இருந்தது, சட்டை இருந்தது, பட்டன், ஜிப், ஷூ லேஸ் எல்லாம் இருந்தன.

"லுங்கி இதுல இல்லையேப்பா."

"எழுதிச் சேத்துக்கலாமே மேடம்."

"அப்படி நாமளா சேர்க்க முடியாது, இது ஸ்டாண்டர்ட் ஃபார்ம். அதுவுமில்லாம, பாத்ரூம்ல செய்றத நான் எப்படி அப்சர்வ் பண்றது? ஹால்ல வந்து செய்யச் சொல்லு, பாக்கறேன்."

அந்த ஹாலில் ஷூ லேஸ் கட்டுகிற நோயாளி ஒருவர்கூட இல்லை. எல்லோரும் ரப்பர் செருப்பு. ஆனாலும் அந்தக் கட்டத்தை நான் தினமும் நிரப்பினேன். மாஸ்டரிடம் ஹால் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னை அற்பமாகப் பார்த்தார்.

"பொம்பளைங்க குந்தினு கீறாங்கோ. கண்ணாடிக்கு அந்தாண்ட பஸ்ல ஜனம் பாத்துகினு கீது. அவங்கோ எதிர்ல நின்னு கைலி கட்டணுமா? தெருக்கொழாயாண்ட நின்னது பத்தாதா? போடா, போய் டிக்கு போடு."

இதற்கிடையில் இன்னொரு சங்கதி. மாஸ்டருக்கு வைத்தியம் இலவசம். அங்கே இலவச இடங்கள் கொஞ்சம்தான். நன்கொடை கொடுக்கிற கம்பெனி அந்த மாதம் புதிதாக ஒரு விதி வைத்தது. மூன்று வாரம் தொடர்ந்து ஈடுபாட்டு மார்க் மூன்றுக்குக் கீழே இருந்தால், இடம் அடுத்தவருக்குப் போகும். ஆர்வம் இல்லாதவர்களுக்கு ஏன் செலவு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், பதிலை என்னிடம் கேட்காதவரை. விதி வந்த பிறகு மாஸ்டருக்கு இரண்டு வாரம் ஒன்று வந்துவிட்டது. மூன்றாவது வாரம் கம்பெனிக்காரர்களே நேரில் வருகிறார்கள். இடம் போனால் அவருக்கு அந்தச் சுவர் போய்விடும். அவர் வீட்டில் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு சுவர் கிடையாது, ஒரே அறை, நாலு பக்கமும் சாமான். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆளும் கிடையாது. நானே மூன்று என்று பொய்யாகப் போட்டிருக்கலாம். மேடம் கண்டுபிடித்தால் வேலை போகுமே என்று போடவில்லை. வேலைகளை வேர்க்கடலைத் தொலி மாதிரி உதறிவிட்டுப் போகிறவன், அந்த ஒரு மார்க்குக்காகப் பயந்தேன். அதற்குப் பதிலாக அவருக்கு யோசனை சொன்னேன். "மாஸ்டர், வெக்கத்தப் பாக்காதீங்க. டவுசர் போட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க. அன்னைக்கு ஒரே ஒரு தடவ எல்லார் முன்னாலயும் கட்டிக் காட்டிடுங்க. அந்தக் கை வர்றதப் பாத்தா மேடமே மார்க் போட்டுடுவாங்க."

மேடமும் தன் வழியில் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். அவருக்கு முக்கியமானதைக் கொடுத்தால் ஈடுபாடு வரும் என்று படித்தவர் அல்லவா. அவருக்கு எது முக்கியம் என்று படிவத்தில் பார்த்தார். தொழில் என்ற கட்டத்தில் பரோட்டா மாஸ்டர் என்று என் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒரு மனிதன் எதைச் செய்து வயிறு கழுவினான் என்பதைப் படித்துவிட்டு, அதுதான் அவன் ஆசை என்று முடிவு செய்துவிட்டார். அந்த நாள் காலையில் ஒரு மேசை, எண்ணெய் தடவிய தகரம், ஒரு பேசின் நிறைய மைதா மாவு. மாவை மேடமே வீட்டிலிருந்து பிசைந்து கொண்டுவந்திருந்தார். கம்பெனிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு பெண்கள், போட்டோ எடுக்க ஒருவர். மாஸ்டரை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தேன். மேடம் ஒரு உருண்டையை எடுத்து அவர் இடது கையில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கேமரா மின்னியது.

மாஸ்டர் கட்டைவிரலால் மாவை அழுத்திப் பார்த்தார்.

"யாரு பெசஞ்சது இத்த?"

"நான்தான் ஐயா" என்றார் மேடம்.

"சொவுத்துக்குப் பூசறதுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அழகாகப் பேசுகிறாரே என்றார் வந்தவர்களில் ஒருவர். "ஒரே ஒரு பரோட்டா வீசிக் காட்டுங்க ஐயா! சூப்பர் ஐயா!" என்று மேடம் குனிந்து கெஞ்சினார். மாஸ்டர் உருண்டையைத் தகரத்தின் மேல் வைத்துத் தள்ளிவிட்டார்.

"தபாரும்மா, முப்பது வருசம் அடுப்பாண்ட நின்னு நெஞ்சு வெந்து பூட்ச்சி. கை பூட்ச்சேன்னு ஊரே அழுதுச்சு. நான் அழல. இந்த மாவ இனிமே தொட வோணாம்னு நிம்மதியா இருந்தேன். கை போனதுல எனுக்கு இருந்த ஒரே நல்லது அதான். அத்தயும் கொண்டாந்து கையில வெக்கிறியே."

சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் வேறு யாரோ நோயாளியைக் காட்டி விருந்தினர்களைத் திருப்பப் பார்த்தார். அப்போது மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு மேசையைப் பிடித்து எழுந்தார், பக்கத்திலிருந்த இரும்பு பீரோவில் வலது இடுப்பைச் சாய்த்துக்கொண்டார், சட்டைக்குள்ளிருந்து பச்சைக் கைலியை உருவினார். தலைவழியாகப் போட்டார். ஓரத்தைக் கடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றிருந்தது. அவருக்கு வெட்கத்தில் காது வரை சிவந்திருந்தது. தெருக்குழாயடியில் நின்ற ஆள், என் பேச்சைக் கேட்டு, அதைவிடப் பெரிய கூட்டத்துக்கு முன்னால் நின்றார்.

இடுப்பில் கையை வைத்துத் துணியோடு போராடுகிற ஆளைப் பார்த்தால் மேனேஜருக்கு என்ன தோன்றும்? டவுசரை அவிழ்க்கிறார் என்று தோன்றியது. "யோவ், என்ன பண்றாரு? லேடீஸ் இருக்காங்கய்யா! வெளிய கூட்டிட்டுப் போ, சீக்கிரம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். மாஸ்டரால் விளக்க முடியாது. அவர் வாயில் கைலி இருந்தது. அதை விட்டுவிட்டுப் பேசினால் முடிச்சு போய்விடும், விடாமல் பேசினால் சொல் வராது. அவர் விடவில்லை. அந்த ஹாலில் விஷயம் தெரிந்து, பேசுவதற்கு வாயும் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். துணி நழுவியது. வலது கை மேலே வந்தது. மணிக்கட்டு வயிற்றில் வந்து துணியைப் பிடித்தது. மேடம் பார்த்துவிட்டார். "அந்தக் கை..." என்று தொடங்கியவர், மேனேஜர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சொருகல் பாக்கி. நான் ஓரத்தில் கிடந்த ஒரு சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து கொண்டுபோய் அவர் முழங்காலுக்குப் பின்னால் முட்டினேன். அப்படி முட்டினால் ஆள் தானாக உட்கார்ந்துவிடுவார், எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. உட்கார்ந்துவிட்டார். பல்லிடையே நூல் பிரிகிற சத்தம் கேட்டது. தள்ளிக்கொண்டு வெளியே போனேன். வராந்தாவில் கைலி சக்கரத்தில் மாட்டி உருவிக் கீழே விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடும்வரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சாயந்தரம் மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன். விருந்தினர் முன் ஒழுங்கீனம். பயிற்சியில் ஒத்துழைப்பு இல்லை. ஈடுபாடு பூஜ்யம். இடம் அடுத்தவருக்கு. பக்கத்தில் மேடம் உட்கார்ந்து தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மனசும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாய், அதற்குக் கீழே கையெழுத்துப் போடும்போது மூடியிருந்தது. படிக்காதவன் மூடியிருந்தால் பயம் என்பார்கள். படித்தவர்கள் மூடியிருந்தால் அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வராந்தாவிலிருந்து அப்புறம் எடுத்து வைத்திருந்த கைலியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு கரையான்சாவடியில் அவர் வீட்டுக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து. மருமகள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கைலியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அந்த சென்டர் அண்ணனா? அன்னைக்கு இன்னா பண்ணீங்க அவர? புதுசா ரெண்டு கைலி எடுத்தாந்து குடுத்தேன்ணா. தொட மாட்டேங்கறாரு. நானே கட்டி உடறேன்னாலும் வோணாங்கறாரு. அந்தக் கை கொஞ்சம் மேல வந்துச்சு பாரு, இப்ப அதுவும் வர்ல."

உள்ளே இருட்டில் கட்டிலின் மேல் நீல டவுசர் தெரிந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. என் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

"எவன்டா அது? டிக்கா?"

"ஆமா மாஸ்டர். கைலி கொண்டாந்தேன்."

"வச்சிக்க. அஞ்சு போட்டுக்கினு போ."

அவ்வளவுதான். திரும்பிப் படுக்கக்கூட இல்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டு மீனின் செதிலைச் சுரண்டினாள். தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்க நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சொம்பு கவிழ்த்தே இருந்தது. கேட்கவில்லை.

அந்த மாதமே அந்த வேலையை விட்டேன். கோபத்தில் விட்டேன் என்று எழுத ஆசைதான். முகூர்த்த மாதம் வந்தது, பந்திக்கு ஆள் கேட்டார்கள், போனேன். அதுதான் உண்மை. இப்போது வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் குடோனில் காவல். ஆறு மாதம் ஆயிற்று, கால் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் ஏதோ வேலையாகப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மெட்ரோ தூண்கள் முழுதாக எழும்பி நிற்கின்றன. ஒரு தூணுக்குப் பக்கத்தில் அந்த மையத்தின் பெரிய பிளெக்ஸ். அதில் மாஸ்டர். உள்ளங்கையில் மாவு உருண்டை, கோணல் வாய் சிரிப்பு மாதிரி தெரிகிறது. யார் பிசைந்தது என்று கேட்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த படம். மேலே பெரிய எழுத்தில், 'ஈடுபாடே மறுவாழ்வு'. படத்தை இடுப்புக்கு மேலே வெட்டியிருந்தார்கள். டவுசர் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதன் கீழே ஒரு ஆள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, கைலியை அவிழ்த்து உதறி, பேசிக்கொண்டே திரும்பக் கட்டினான். தன் கையை அவன் பார்க்கக்கூட இல்லை.

காலையில் அறையில் மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு, நான் சில நாள் அந்தப் பச்சைக் கைலியை எடுத்து, வலது கையைத் தொங்கவிட்டு, சுவரில் சாய்ந்து முயன்று பார்க்கிறேன். நூல் பிரிந்த இடத்தில் என் பல் சரியாகப் பொருந்துகிறது. இடது கையால் இழுத்துக் கொண்டுவரும்வரைக்கும் எல்லாம் வருகிறது. பிறகு நழுவிவிடுகிறது. நாலைந்து தடவை பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.